சொன்னவன்தான் முதலில் நடக்கணும்

மீவத்ன் ஏரிக்கரை,
வட ஐஸ்லாந்து

அன்புள்ள அம்மா,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி? உள்ளதை எழுது.

நான் வேலை பார்க்கும் மின்நிலையத்துப் பக்கத்து ஏரி உறைந்துவிட்டது. வலை போடுகிறவர்களுக்காகப் பனிக்கட்டியில் துளையிட்டுத் தடிமன் அளந்தேன். "த்ரொய்ஸ்ட், தாங்கும்" என்றேன். நம்பத்தக்க நண்பனைச் சொல்கிற அதே சொல்தான். ஆங்கிலேயர்கள் நம் வடநாட்டு முன்னோர்களிடமிருந்து வாங்கி 'டிரஸ்ட்' ஆக்கிக்கொண்டது. ஒருவரும் அசையவில்லை.

"இங்க அந்த வார்த்தையைச் சொன்னவன்தான் முதல்ல நடக்கணும், தம்பி" என்றாள் பண்ணைக்காரி பிர்னா.

"கணக்கு சரியாத்தான் இருக்கு!"

"அப்புறமென்ன, நட!"

நடந்தேன். நடு ஏரியில் டமாரென்று ஒரு சத்தம். உறைந்து நின்றேன்.

"பனிக்கட்டி குளிருக்கு முனகுதுப்பா! நீ இன்னும் மேலதானே நிக்கிற?" என்று கரையிலிருந்து கத்தினாள்.

திரும்பிப் பார்த்தால் எல்லோரும் வலைகளோடு என் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். அப்பாடா! இத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் காப்பி ஊற்றித் தந்தார்கள்.

கம்பளிக் கையுறை இரண்டு ஜோடி அனுப்பு; பிர்னாவுடையது கிழிசல். உலர்மீனும் கொஞ்சம் கூடவே அனுப்பு. ராத்திரி இன்னும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு இங்கே வாயேன். ஏரி வழிதான் குறுக்கு. முதலில் நான் நடந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தபால் வண்டி ஹாரன் அடிக்கிறது.

உன்
கெடில்