போகாத வீட்டைப் பற்றி ஓர் அறிக்கை

மே 19, திங்கள்

வெயில் கொல்லுது. ஆபீஸ் ஃபேன் சுத்துதா நிக்குதான்னே தெரியல. பால் பாக்கெட் வாங்க மறந்தாச்சு, இன்னைக்கும்.

கூர்நோக்கு இல்லத்துக்குப் போயி மு.வைப் பாத்தேன். (கேஸ்ல இருக்கிற பிள்ளை பேரை வீட்டு டைரியில எழுதக் கூடாது. மு. போதும்.) பதினாறு வயசு. பஸ் ஸ்டாண்டுல ஒரு ஆளோட செல்போனை எடுத்த கேஸ். அம்மா போன வருசம் தவறிருச்சு, அப்பா எங்கயோ. வெள்ளிக்கிழமை இளைஞர் நீதிக் குழுமத்துல அவளை யார்கூட அனுப்புறதுன்னு முடிவாகும். தாய்மாமனோட அனுப்பலாம்னு என் விசாரணை அறிக்கை போன வாரமே போயிருச்சு.

சந்தோசமாத்தான் சொன்னேன். "மாமாகூட வீட்டுக்குப் போகப் போறடி."

தட்டுல இருந்த சோத்தை விரலால ஒதுக்கிக்கிட்டே இருந்தா. அப்புறம் மெதுவா: "அக்கா, இதவிடப் பெரிய கேஸாப் போட்டா இங்கயே வச்சுக்கிருவாங்களா?"

எந்தப் பிள்ளை இப்படிக் கேக்கும்? பஸ்ல வரும்போதெல்லாம் அதே நெனப்பு.

இங்கயாவது எழுதிருறேன். நான் அந்த வீட்டுக்குப் போகல. "நேரில் சென்று விசாரித்தேன்"னு எழுதினது பொய். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், ஆபீசை விட்டு நகரல. அந்த மாமனே ஆபீசுக்கு வந்தான், நாப்பது வயசு இருக்கும். கையில மு.வோட சடங்கு போட்டோ. மாலை, பட்டு, தட்டுத் தட்டா சீர், நடுவுல இவன். நம்ம பக்கம் தாய்மாமன் சீர் செஞ்ச போட்டோவுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்? எனக்கும் என் மாமன்தான் எல்லாம் செஞ்சாரு. அந்த நெனப்புலயே கையெழுத்துப் போட்டுட்டேன். கிறுக்கி.

மே 20, செவ்வாய்

ஆதார் ஜெராக்ஸ். கத்திரிக்கா அரைக் கிலோ. குழந்தைகள் நலக்குழு ஆபீஸ்.

ஆதரவில்லாத பிள்ளைகளைப் பாக்குறது அவங்க, கேஸ்ல மாட்டின பிள்ளைகளைப் பாக்குறது நாங்க. ஒரே காம்பவுண்டு, நடுவுல ஒரு வேப்பமரம். ஒரு ஃபைலும் அந்த மரத்தைத் தாண்டி வராது. நாமளும் போயிக் கேக்க மாட்டோம்.

அங்க கிளார்க்கா இருக்கிற ஜெயக்கொடி அக்கா, மு. பேரைக் கேட்டதும் சொல்லிட்டாங்க. "இது இங்க இருந்த பிள்ளைல்ல? நீ கேக்கவே இல்லையேம்மா." பீரோ அடித்தட்டுல இருந்து ஃபைலை உருவுனாங்க.

ரெண்டு வருசத்துக்கு முந்தி. மு.வுக்குப் பதினாலு வயசு. அழகர்கோவில் பக்கம் ஒரு மண்டபத்துல கல்யாணத்தை நிறுத்தியிருக்காங்க. மாப்பிள்ளை: தாய்மாமன். அதே ஆள். பதினெட்டு முடியிற வரைக்கும் பிள்ளை பக்கத்துல வர மாட்டேன்னு எழுதிக் கொடுத்த தாளும் இருக்கு. அதுக்கப்புறம் பிள்ளையை அம்மாகிட்ட ஒப்படைச்சு ஃபைலை மூடிட்டாங்க. அம்மா செத்ததும் இவன் வந்து கூட்டிட்டுப் போயிருக்கான்.

அவன்கிட்டத்தான் நான் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கேன். தண்ணி வாங்கிக் குடிச்சேன்.

மே 21, புதன்

தூக்கம் இல்ல. ஆபீசர் சார்கிட்ட சொல்லிட்டேன். கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்தாரு.

"போகாமலே எழுதுனீங்களா? அடுத்த மாசம் உங்க காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கா? பேசாம இருங்க. பிள்ளை போகட்டும், அப்புறமா போயிப் பாத்துக்கலாம்."

அப்புறமான்னா எப்ப? தாலி ஏறின பிறகா? கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. பயம்தான், வேற என்ன. வேலை போனா நானும் என் மகளும் எங்க போறது?

மத்தியானம் போன். அவன்தான்.

"மேடம், வக்கீலு உங்க அறிக்கையைப் படிச்சுக் காட்டுனாரு. நம்ம வீட்டுக்கு வந்தீகளாம்ல! எனக்கே தெரியாமப் போச்சே." சிரிக்கிறான். "குழுமத்துல கேட்டாத் தடுமாறக் கூடாது பாருங்க. ஓட்டு வீடு, பச்சைப் பெயிண்ட், வாசல்ல முருங்கை மரம். மனசுல வச்சுக்கங்க, தங்கச்சி."

மேடம்ல ஆரம்பிச்சுத் தங்கச்சியில முடிக்கிறான். போனை வச்ச பிறகும் காதுக்குள்ளயே இருக்கு அந்தச் சிரிப்பு.

மே 22, வியாழன்

லீவு சொல்லிட்டு மேலூர் பஸ். அங்கருந்து மினிபஸ். குவாரி லாரிப் புழுதி, முந்தானையை மூக்குல பொத்திக்கிட்டே போனேன்.

வீடு பூட்டியிருக்கு. வாசல்ல முகூர்த்தக்கால் நட்டிருக்கு. மஞ்சத் துணி, கட்டின மாவிலை இன்னும் வாடல.

பக்கத்து வீட்டம்மாகிட்ட கேட்டேன். "ஞாயித்துக்கெழம கல்யாணம்த்தா."

"பொண்ணு யாரும்மா?"

"எல்லாம் சொந்தத்துலதேன்." அதுக்கு மேல பேசாம உள்ள போயிருச்சு.

போட்டோ எடுத்தேன். முதல் மூணும் ஆடிப் போச்சு, நாலாவதுதான் உருப்படி. பின்னால பைக் வந்து நின்னுச்சு.

"அட, இப்பத்தேன் வாரீகளா? எம்புட்டு வெயிலு! கலர் குடிங்க." பையில இருந்து பாட்டிலை எடுத்து நீட்டுறான். வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறான். தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. குடிச்சேன். பஸ் ஸ்டாண்டுல வந்து வாந்தி.

மே 23, வெள்ளி

காலை 10. குழுமத்து வராண்டா. கடிதம் பையில. "முதல் அறிக்கைக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. நேற்றுதான் போனேன். சிறுமியை அவரோடு அனுப்ப வேண்டாம்." நாலு தடவை பாத்ரூம் போயிட்டு வந்தாச்சு.

3 மணி. முடிஞ்சிருச்சு.

நீதிபதி மேடம் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சாங்க. "அப்ப முதல் அறிக்கை பொய்யா?"

"ஆமாங்க மேடம்."

அவனோட வக்கீல் எந்திரிச்சாரு. "போகாத வீட்டுக்குப் போனேன்னு எழுதுனவங்க. இன்னைக்குச் சொல்றதை மட்டும் எப்படி நம்புறது?" செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. நியாயம்தானே.

போட்டோவைக் காட்டுனதும் அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "இந்தப் பிள்ளைக்கு நட்ட கால் இல்லைங்கம்மா. பொண்ணு வேற. சத்தியமா." யாரும் நம்பல. நானும்தான். ஜெயக்கொடி அக்காகிட்ட வாங்கி வச்சிருந்த நலக்குழு ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். பதினெட்டு வரை வர மாட்டேன்னு அவனே எழுதின தாளை மேடம் சத்தமாப் படிச்சாங்க.

மு. இல்லத்துலயே. அவன் கிட்ட வரக் கூடாது. எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ். போனாப் போகுது வேலை. நிம்மதியில அழுகை வந்துச்சு.

வேன்ல ஏறப் போன மு. திரும்பி வந்தா.

"அக்கா, நேத்து வீட்டுக்குப் போனீங்கள்ல. தங்கச்சி இருந்தாளா?"

"எந்தத் தங்கச்சிடி?"

"என் தங்கச்சிதான். ஹாஸ்டல்ல இருந்து எட்டாவது படிக்கிறா. லீவுக்கு மாமாதான் போயிக் கூட்டிட்டு வருவாரு."

ரெண்டு ஃபைல்லயும் அவ பேர் இல்ல. நானும் கேக்கல. பொண்ணு வேறன்னு அவன் சத்தியம் பண்ணானே.

5.20. மேலூர் பஸ். போலீசுக்குச் சொல்லியாச்சு. ஜெயக்கொடி அக்கா நலக்குழுவுக்குச் சொல்லிட்டாங்க. ஆள் அனுப்புறோம்ங்கிறாங்க, எப்பன்னு சொல்லல. அவன் பைக்ல கிளம்பி ரெண்டு மணி நேரம் ஆச்சு. டிரைவர் கீழ நின்னு டீ குடிக்கிறாரு. கத்திட்டேன், "அண்ணே, வண்டிய எடுங்கண்ணே!" எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. இன்னும் எடுக்கல.