மேரி கேட்ட பேர்

கராமா, துபாய்
ஜூன் 19

அன்பு மக்களே ஜோஸ்மி,

அம்மா எழுதுகிறேன். ஏசி ஓடுகிற வரைக்கும் நானும் அப்பாவும் சுகம். நீ அங்கே உறைந்து போகாமல் சுகமாக இருக்க மாதாவிடம் சொல்லியிருக்கிறேன், கனடாவின் அந்தக் கோடிக்கு அவளுக்கு வழி தெரியுமோ என்னவோ. போன வாரம் போனை நான்தான் பட்டென்று வைத்தேன், நெட் போய்விட்டது என்று நீ நினைத்திருந்தால் அந்த நினைப்பை விட்டுவிடு. உன் கிளினிக்கில் மொழிபெயர்க்கிற அந்த ஊர்க்காரி மேரி, அடுத்த மாதம் பிறக்கப்போகிற தன் பிள்ளைக்கு, நீ கதை கதையாகச் சொன்ன நம் ஜிபினுடைய பேரைக் கேட்கிறாள், அம்மா சரி என்றால்தான் வைப்பாளாம் என்று, பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்பது மாதிரி நீ சொல்கிறாய். மறுபடி பேசினால் மறுபடி வைத்துவிடுவேன், அதனால் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். பதில் கடைசியில் இருக்கிறது. முதலில் திட்டி முடித்துக்கொள்கிறேன், நடுவில் தாண்டிப் போகாதே.

நீ அனுப்பிய வீடியோவை ஜெபக் கூட்டத்தில் காட்டியது என் தப்புத்தான். உன் புது ஜாக்கெட்டைக் காட்டலாம் என்று போட்டால், தரையில் அட்டையை விரித்து, நடுவில் ஒரு சீல், கடல்நாய்தான், அதைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கிறது, பாதி நிலா மாதிரி ஒரு கத்தியால் பெண்கள் அறுத்துக் கொடுக்கிறார்கள், என் மகள் பச்சை ஈரலை வாயில் போட்டுக்கொண்டு இளிக்கிறாள். நம் கிளிட்டஸ் மாமா, ஜெபக் கூட்டத் தலைவர், சிலுவை போட்டுக்கொண்டு, "பச்ச எறச்சியையா திங்குதுவ இந்த எஸ்கிமோக்காட்டு சனங்க" என்றார். இதே கிளிட்டஸ் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மகள் ஜினியின் பிறந்தநாளுக்கு எங்களை மாலுக்குக் கூட்டிப்போய், கறுப்புத் தட்டில் பச்சை மீன் துண்டை இரண்டு குச்சியால் பிடிக்க மாட்டாமல் வியர்த்து, விழுங்கி, "ஹெல்த்துக்கு நல்லதாக்கும்" என்றவர். மாலில் தின்றால் ஹெல்த், பனியில் தின்றால் காடு. அதுவும் யார் சொல்வது, வாரம் தவறாமல் பிளாஸ்டிக் விரிப்பில் சம்மணம் போட்டு ஒரே அரபி மந்திச் சோற்றுத் தட்டில் ஆறு பேர் கை போட்டுத் தின்கிற கூட்டம். அவர்கள் பேர் இனுயிட், எஸ்கிமோ என்று சொன்னால் அவர்களுக்குப் பிடிக்காது என்று நீ சொல்லிக்கொடுத்ததையும் சேர்த்து முகத்துக்கு நேரே சொன்னேன். அன்றைக்கே ஜெபம் வேறு வீட்டுக்கு மாறிவிட்டது. நல்லது, எனக்குப் பாயசம் வைக்கிற வேலை மிச்சம்.

உன்னையும் விடப்போவதில்லை. இங்கே இருந்தவரை மீன் தலையைக் கண்டால் முகத்தைத் திருப்பின மகாராணி நீ. இப்போது அங்கே யாரோ முதன்முதல் பிடித்த சீல் முழுவதையும் தனக்கு வைத்துக்கொள்ளாமல் ஊருக்கே பங்கு போடுகிறான், எவ்வளவு பெரிய மனசு அம்மா என்று எனக்குப் பாடம் எடுக்கிறாய். ஊர்க் கடற்கரையில் பிடித்த மீனைப் பங்கு வைத்த கதையை உன் அப்பா எத்தனை தரம் சொல்லியிருப்பார், அப்போது உன் காதில் ஹெட்போன். ஆறாயிரம் மைல் தள்ளிப் போனால்தான் உனக்கு எதுவும் அழகாகத் தெரியும் போல.

சரி, பேர் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் வழக்கப்படி செத்தவர் பேரைப் பிள்ளைக்கு வைத்தால் பேரோடு ஆளும் வந்துவிடுவாராம். மேரியின் ஐந்து வயது மகளுக்கு மேரியின் அம்மா பேராம், அதனால் மேரி அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவாளாம், பெற்ற அம்மாவை யார் அதட்டுவார்கள் என்று அந்தக் குட்டியை ஒருவரும் ஒரு சொல் சொல்வதில்லையாம். ஜிபின் என்று வைத்தால் அந்தப் பிள்ளைக்கு நானும் அம்மாவாம். இதைக் கேட்டுத்தான் போனை வைத்தேன். பஹ்ரைன் கடலில் கஃபீல் முதலாளியின் மீன்பிடி லாஞ்ச் மூழ்கி என் மகன் போய் நாலு வருஷம், உடம்பு கிடைக்காமல் ஊர்க் கல்லறையில் அவன் சட்டையை அடக்கம் பண்ணிய என்னிடம் வந்து, ஆள் வருகிறான் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? ஆத்திரம் வந்தது மக்களே, உன் மேல், அந்த மேரி மேல், எல்லார் மேலும்.

இரண்டு நாள் மனசில் வைத்திருந்து அப்பாவிடம் சொன்னேன். அவருடைய பெருமைதான் உனக்குத் தெரியுமே, ஜெபல் அலி குளிர்க் கிடங்கில் மைனஸ் இருபதில் இறால் பெட்டி அடுக்குகிறவர், "நானும் அவிய கூட்டந்தான்" என்று உன் போட்டோ வரும்போதெல்லாம் சொல்லிக்கொள்வார். அன்றைக்குச் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து போனார். மறுநாள் டூட்டி முடிந்து கம்பெனி பஸ் வந்தது, ஆள் வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வியர்த்து நனைந்து வருகிறார், கையில் ஒரு கவர். நாற்பத்தாறு டிகிரி வெயிலில் கராமா முழுக்கக் கம்பளிக் குல்லா தேடியிருக்கிறார், கைக்குழந்தைக்கு. கடைக்கார ராஜிக், "அண்ணே, வெயில் மண்டையில ஏறிட்டா?" என்று கேட்டானாம். கவரை மேஜையில் வைத்து, "ஜிபினுக்கு" என்றார். அவ்வளவுதான். நாலு வருஷமாக அவன், பய என்று சொல்வாரே தவிர அந்தப் பேரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கான அளவை வாங்கி வந்திருக்கிறீரே, கண் எங்கே போச்சு என்று சத்தம் போட்டுவிட்டு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆகவே மேரியிடம் சரி என்று சொல்லு. பெண்ணாகப் பிறந்தாலும் அதே பேர்தான் என்றாயே, இருக்கட்டும், பெண்ணானால் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று நினைக்கப் பார்க்கிறேன், உன்னை நினைத்தால் அதற்கும் வழியில்லை. ஆனால் ஒன்றை அவளுக்குச் சரியாக மொழிபெயர்த்துச் சொல்லு. அதட்டாமல் வளர்ப்பதெல்லாம் அவள் அம்மா பேருக்குச் சரி, இது ஜிபின். பாகற்காயைத் தட்டுக்கு அடியில் ஒளிப்பான், ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவான், காற்று சரியில்லை போகாதே என்றால், "ஒரு ட்ரிப்புதாம்மா" என்று சிரித்துக்கொண்டே போவான். கடைசியாக அன்றைக்குப் போனில் நான் பேசி முடிக்கும் முன்பே வைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான். அம்மா என்று எனக்கு முறை கொடுத்தார்கள் என்றால் அந்த மிச்சத்தைப் பேசுகிற பாத்தியமும் எனக்கு உண்டு. பிள்ளை பிறந்ததும் போனைப் போட்டு அவன் காதருகே வை. நீங்கள் யாரும் குறுக்கே பேசக் கூடாது.

மாதா உன்னையும் மேரியையும் அந்தப் பிரசவத்தையும் காக்கட்டும். தைராய்டு மாத்திரையை மறக்காதே. பார்சலில் அனுப்பும் குல்லா பெரிதாக இருந்தால் மடித்துப் போடச் சொல்லு, திருப்பி அனுப்பக் கூடாது, வளருவான்.

உனக்கும் ஜிபினுக்கும் அம்மா,
அற்புதராணி