கதவுக்குப் பின்னால் ஒரு புனிதர்

என் வாலுப் பெண்ணுக்கு,

நீ போன பிறகும் மாதா கோவிலுக்கு வருடந்தோறும் நான்தான் வெள்ளையடிக்கிறேன். மணிக்கூண்டுக் கதவுக்குப் பின்னால் மட்டும் ஒரு முழம் விட்டுவிடுவேன். பங்குச் சாமியார் கேட்டால், “அங்க ஈரம் சாமி, சுண்ணாம்பு ஒட்டாது” என்பேன். ஏழு வயதில் நீ என்னைக் கரியால் வரைந்தது அங்கேதான், ஒட்டடைக்கோலும் கையுமாக.

போன மாதம், பழைய கோவில்களின் சரித்திரம் எழுதுகிறவர் வந்தார். அந்தக் கரிப்படத்தைப் பார்த்ததும் கைகூப்பிவிட்டார்.

“இருநூறு வருஷத்துப் படம்ங்க! கையில செங்கோலோட யாரோ ஒரு புனிதர்!”

இப்போது அதற்குக் கண்ணாடிச் சட்டம், முன்னால் மெழுகுவர்த்தி. மாலையில் வண்ணக் கண்ணாடி ஜன்னலின் நிறமெல்லாம் வெயிலோடு வந்து அதன்மேல் ஊரும்போது, ஒரு சின்னக் கை இன்னும் வரைந்துகொண்டே இருப்பதுபோல் தோன்றுகிறது. துடைக்கப் போனவன் துணியோடு அப்படியே நின்றுவிடுகிறேன்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அன்றைக்கே வெள்ளையடித்துவிடச் சொல்வார்கள். நீ கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்து நின்ற அன்று வாசலில், உன்னிடம் மட்டும் இந்த வாய் எப்படித்தான் அவ்வளவு பேசியதோ.

நீ வந்தால் பார்த்ததும் சிரித்து, எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவாய். பரவாயில்லை, வா. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

புனிதர் அல்லாத,
உன் அப்பா