மச்சான் முன்னால் கேட்ட கேள்வி

2019 ஜூலை 9, செவ்வாய்

வழுக்கையில் முடி நட என்னிடம் வந்தவர் தில்லையடிக்காரர். கத்தாரிலிருந்து லீவில் வந்திருக்கிறார், கலியாணம் பேசி வைத்திருக்கிறார்கள். பெண்ணின் நானா, அவளுடைய அண்ணன்தான் கூட்டிவந்தார். பக்கத்துக் கதிரையில் அவர் இருக்கும்போதே நான் படிவத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"வலிப்பு ஏதும் வந்திருக்கா?"

"இல்ல டொக்டர்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

தலை மரத்துப்போக விறைப்பு ஊசி பாதிகூடப் போட்டு முடியவில்லை, உடம்பு உதறத் தொடங்கியது. சரித்துப் படுக்கவைத்தேன், ஒட்சிசன் கொடுத்தேன், வலிப்பை நிறுத்தும் மருந்தை ஏற்றினேன். அடங்கியது. நிமிர்ந்து பார்த்தால், வெளியே காத்திருந்த நானா கதவைத் திறந்தபடி நிற்கிறார். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தெளிந்ததும் இவர் மெல்லச் சொன்னார்: "சின்னதிலிருந்து வலிப்புக்குக் குளிசை குடிக்கிறன் டொக்டர். மச்சான் ஆக்கள் வந்து போறாங்க, காணக்கூடாதுண்டு இந்த மாசம் நிப்பாட்டிட்டன்."

நான் போட்ட விறைப்பு மருந்தின் அளவு சரி. எத்தனை தடவை கணக்குப் பார்த்தாலும் சரி. நானாவை ஒரு நிமிடம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார். எனக்கு அது தோன்றவேயில்லை.

"மச்சான் கண்டாரா?" என்று கேட்டார்.

நான் மறுபடியும் பிரஷர் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. திரும்பவும் கேட்டார். திரும்பவும் பிரஷர் பார்த்தேன்.