ஒற்றைக் குழாய்

12-8-83, வெள்ளி

மேல்காற்று. தெருவெல்லாம் புழுதி. மைக்செட் ஆம்பிளிஃபையரைத் துடைத்தே பாதி நாள் போயிற்று. வாசுதேவநல்லூர் கல்யாண ஆர்டர் இன்னும் உறுதியில்லை.

தெருக்கிணறு இன்று கத்தரிப்பூ நிறம். சாயப்பட்டறையில் என்ன சாயம் முக்குகிறார்களோ அதுவே இங்கே ஊறி வருகிறது. பஞ்சாயத்தில் மனு கொடுத்தபோது "பாக்கலாம்" என்றார்கள். பார்க்க ஒரு ஆளும் வரவில்லை.

பதிவு செய்தது: வாய்க்காலில் சாயத்தண்ணீர் விழுவது. பம்ப்செட். வாளி கிணற்றுச் சுவரில் இடிப்பது. அண்ணன் இருமல்.

அண்ணன் வேலாயுதத்துக்கு அந்தப் பட்டறையில்தான் வேலை. கொதிக்கிற தொட்டிமேல் குனிந்தே நெஞ்சு போயிற்று. டேப் ரெக்கார்டரை நீட்டினேன். "ஏலே, இதெல்லாமாலே பாட்டு?" என்று சிரித்தான். சிரித்ததும் இருமல். அதையும் பிடித்துக்கொண்டேன்.

14-8, ஞாயிறு

பிளேடு, பசை, டேப் துண்டுகள். முதுகு விட்டுப்போயிற்று. எப்போதோ ரேடியோவில் ஏதோ வெளிநாட்டு ஸ்டேஷன். ரயில் சத்தத்தை வெட்டி ஒட்டிச் சங்கீதம் என்றார்கள். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. எனக்குச் சங்கீதம் தெரியாது, சத்தம் தெரியும்.

பம்ப்செட்டுக்கு நடுவே இருமலைப் போட்டால் தாளம் தானாக விழுகிறது. சந்தோஷமாக இருந்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது.

மதினி கோமதி காதைப் பொத்திக்கொண்டாள். "அவிய இருமுததை வீட்டுல கேக்கது பத்தாதா? ஊருக்கு வேற போடணுமாக்கும்."

போடத்தான் வேண்டும். மனுவைப் படித்துப் பார்க்காதவன் காதால் கேட்கட்டும். நாளைக் காலை, கிணற்றடியில்.

15-8, திங்கள்

நாசமாய்ப் போயிற்று.

ஒரு குழாய் ஸ்பீக்கர் பள்ளிக்கூடக் கொடியேற்றத்துக்குப் போய்விட்டது. மற்றதை வேப்பமரத்தில் கட்டினேன். இந்தத் தெருவில் விசேஷ வீட்டுக்கு இரட்டைக் குழாய், சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்கு ஒற்றை. நானே கட்டிக் கட்டி ஊருக்குப் பழக்கியது. எனக்கு உறைக்கவில்லை. முட்டாள்.

டேப் ஓடிக் கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வந்தார்கள். தண்ணீர் கேட்டு அல்ல, துஷ்டி கேட்டு. ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு.

"யாருலே?"

"வேலாயுதம்லா. இருமலு கேக்கலியா?"

மதினி களையெடுக்கப் போன இடத்திலிருந்து மாரில் அடித்துக்கொண்டே ஓடி வந்தாள். அண்ணன் வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தாள். நேரே வந்து என் கன்னத்தில் ஒன்று விட்டாள்.

தெருப் பெரியவர் முத்தையா அண்ணாச்சி கத்தினார். "கிறுக்குப் பயலே, உசுரோட இருக்கவனுக்குக் குழாய் கட்டுவியாலே? கழட்டுலே முதல்ல."

"அண்ணாச்சி, தண்ணியைப் பாருங்க."

"தண்ணிக்கென்ன? எப்பவும் உள்ளதுதான்."

ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

18-8, வியாழன்

அண்ணனுக்கு வேலை போயிற்று. முதலாளி சொன்னாராம்: "ஊருக்கே கேக்க இருமுத ஆளை வச்சு நான் எப்படித் தொழில் நடத்த?"

மதினி என்னோடு பேசுவதில்லை. ஆனாலும் சோறு மூடி வைத்திருக்கிறாள். சாப்பிட முடியவில்லை.

கிணறு: பச்சை.

2-9, வெள்ளி

அண்ணனுக்கு எழுந்து உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இருமல் மருந்து கொடுத்தார்கள். பாளையங்கோட்டைக்குப் போகலாம் என்றால் வரமாட்டேன் என்கிறான்.

"அந்த டேப்பை அழிச்சிராதலே. நல்லாத்தான் இருந்துச்சு."

பயமாக இருக்கிறது. வேறென்ன எழுத.

வாசுதேவநல்லூர் ஆர்டர் வேறு செட்டுக்குப் போய்விட்டது.

5-9, திங்கள்

விடிகாலையில் போய்விட்டான். இனி அண்ணன் என்று கூப்பிட எனக்கு யாரும் இல்லை.

குழாய் கட்டக் கை வரவில்லை. கட்டாமலே எல்லாரும் வந்தார்கள்.

அண்ணனைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கக் கிணற்றுக்குப் போனோம். மேலே வேட்டிப் பந்தல், முன்னால் மேளம், எங்கள் கையில் குடங்கள். பித்தளைக் குடத்துக்குள் தண்ணீர் ரத்தச் சிவப்பு. இந்த வாரம் பட்டறையில் கல்யாணப் புடவைச் சாயம் போல. மேளம் நின்றது.

ஒருவர் மெதுவாக, "தண்ணிக் குழாயடியில பிடிப்பமா?"

அண்ணாச்சி: "குளிப்பாட்டத் தெருக்கிணத்துத் தண்ணிதான் வழக்கம். எடுங்கலே."

எடுத்தோம். குளிப்பாட்டினோம். இடுப்பில் கட்டியிருந்த வெள்ளை வேட்டி ரோஸ் ஆயிற்று. மேலே ஊற்ற ஊற்ற இன்னும் ரோஸ். நகக்கண்ணெல்லாம் சிவப்பு. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணாச்சி தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். துண்டில் துடைத்தார். சிவப்பு போகவில்லை.

"சங்கரா, அந்த டேப்பு இருக்கா?"

"இருக்கு."

"குழாயைக் கட்டு. பட்டறையைப் பாக்கத் திருப்பிக் கட்டுலே."

கட்டினேன். ஒற்றைக் குழாய். அண்ணன் இருமினான்.

மதினி காதைப் பொத்தவில்லை.