நகலில் என் பெயர்

மார்ச் 4, செவ்வாய்
காலையில் மின்னஞ்சலைத் திறந்தால் வழக்கம்போலக் குவியல். எல்லாவற்றிலும் நகலில் (சிசி) நான். "நோரீன், உங்கள் சட்ட ஆலோசனை தேவை" என்று மேலே ஒரு வரி. கீழே விற்பனைப் பேச்சு. கம்பெனி வக்கீலான என்னிடம் ஆலோசனை கேட்டதைக் கோர்ட் பார்க்க முடியாதே, அதனால் இங்கே எல்லோருக்கும் இந்தப் பழக்கம். விற்பனைப் பிரிவு வெண்டலின் பிறந்தநாள் கேக்குக்குக்கூட என் ஆலோசனை தேவையாம்! அதற்கு மட்டும் பதில் போட்டேன்: கேரட் கேக் வேண்டாம்.

மார்ச் 6, வியாழன்
கம்பெனி மேலுள்ள ஏகபோக வழக்கில் நீதிபதி என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார். எங்கள் கம்பெனி போனில் இன்கிரிட் என்பவளின் வரைபடச் செயலியை வேண்டுமென்றே மெதுவாக்கினோமா என்பதுதான் வழக்கு. அதைப் பற்றி வெண்டல் அனுப்பிய மின்னஞ்சல்கள் பூட்டிக் கிடக்கின்றன. பூட்டு, என் பெயர்.

என்னை இங்கே சேர்த்துவிட்டவனே வெண்டல்தான்.

மார்ச் 10, திங்கள்
வெண்டலின் அந்த மின்னஞ்சல்களை இன்றுதான் முழுதாகப் படித்தேன். "மெதுவாக்குவது அவர்களுக்குத் தெரியவே கூடாது. நோரீன், ஆலோசனை ப்ளீஸ்." படிக்காமலே இருந்திருக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு வெண்டல் பரிட்டோ வாங்கிக்கொண்டு வந்தான்.
"ஆலோசனைதான்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. படிச்சியா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"
"எனக்குத் தெரியுமே."
"அடிப்பாவி! உன் மனசாட்சி இத்தனை நாள் லீவுல இருந்துச்சா?"
சிரித்தோம். பாதிக்கு மேல் என்னால் சாப்பிட முடியவில்லை.

மார்ச் 17, திங்கள்
நாளை கோர்ட். ஆமாம், எல்லாம் ஆலோசனைதான் என்று சொன்னால் வேலை நிலைக்கும். சொல்லித் தொலைத்தால்தான் என்ன? அலுப்பாக இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்
இன்கிரிட் முன்வரிசையில் இருந்தாள். தொழில் படுத்து ஆபீஸைக் காலி செய்துவிட்டாளாம், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை ஆலோசனை கேட்டிருக்காங்களேம்மா, எதுக்காவது பதில் சொன்னீங்களா?"

"ஒண்ணுக்கு, யுவர் ஆனர். கேரட் கேக் வேண்டாம்னு."

கோர்ட்டே சிரித்தது. வெண்டல் சிரிக்கவில்லை.

"மத்ததுல எல்லாம் என் பேரைப் போட்டாங்க. யாரும் எதையும் கேக்கல."

மார்ச் 20, வியாழன்
எல்லா மின்னஞ்சலையும் எதிர்த்தரப்பிடம் கொடுக்கச் சொல்லி உத்தரவு. லிஃப்டில் வெண்டல் போனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஏப்ரல் 1, செவ்வாய்
மத்தியானம் வரை ஒரு மின்னஞ்சலும் இல்லை. பக்கத்து அறையில் கைதட்டல் — யாருக்கோ பிறந்தநாள். எனக்குச் சொல்லவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு போனேன். ஒரு துண்டு மிச்சம் இருந்தது.

கேரட் கேக். நின்றபடியே தின்றுவிட்டு வந்தேன்.