எங்கள் வீட்டின் இரண்டு செங்குத்துக் கசிவுகள்

அனுப்புநர்:
மிர்வா கோர்ப்பேலா,
7, கொய்வுகூயா தெரு (மேல்மாடி),
ஈசல்மி, பின்லாந்து.

பெறுநர்:
மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
வீட்டு எரிசக்தித் தரச் சான்றுப் பிரிவு,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: எங்கள் வீட்டுச் சான்றில் வெப்பக் கசிவுகள் எனக் குறிக்கப்பட்டிருப்பவை மனிதர்களே என்பதை ஏற்று, தரத்தைத் திருத்தித் தரக் கோருதல் தொடர்பாக.

பெருமதிப்புக்குரிய ஐயா,

1. மேற்கண்ட முகவரியில் உள்ள செங்கல் வீடு எனக்கும் என் முன்னாள் கணவர் தெய்யோவுக்கும் சமபங்கில் சொந்தமானது. சென்ற நவம்பரில் எங்களுக்கு விவாகரத்து ஆயிற்று. வீட்டை விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்வது என்றும், விற்கும்வரை நான் மாடியிலும் அவர் கீழேயும் இருப்பது என்றும் ஒப்புக்கொண்டோம். குளிர்பெட்டியில்கூட ஆளுக்கு இரண்டு தட்டு. வாங்குவதற்கு ஓர் இளம் தம்பதி முன்வந்தார்கள். ‘ஏ’ முதல் ‘ஜி’ வரையுள்ள எரிசக்தித் தரத்தில் வீடு ‘சி’க்குக் குறையாமல் இருந்தால்தான் கடன் என்று அவர்களுடைய வங்கி சொல்லிவிட்டது. சுவர்களிலும் கூரையிலும் வெப்பம் வெளியேறாதபடி நல்ல பஞ்சு அடைத்திருப்பதால் நாங்கள் கவலைப்படவில்லை.

2. தங்கள் பிரிவின் மதிப்பீட்டாளர் திரு. எய்னாரி லும்மெ பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மாலை வந்தார். வீடு எங்கெங்கே வெப்பத்தை விடுகிறது என்று காட்டும் கேமராவைக் கொல்லையில் முக்காலியில் நிறுத்தினார். அது தானாகவே படம் எடுக்கும். அவர் பக்கத்தில் காத்திருக்க வேண்டியதுதான். வெளியே கடும் குளிர். உள்ளே சவுனா நீராவிக் குளியலுக்கு அடுப்பு மூட்டியாகிவிட்டது. சனிக்கிழமை அது மூட்டப்படாத வீடு நம் நாட்டில் உண்டா என்பதைத் தாங்களே அறிவீர்கள். “வந்த மனுஷனை வேர்க்க விடாம அனுப்புனா ஊர்ல என்ன பேசுவாங்க? உள்ள வாங்க ஐயா” என்று தெய்யோ அழைத்தார். திரு. லும்மெ முதலில் மறுத்தார் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

3. கற்களில் நீர் ஊற்றி நன்றாக வேர்த்தபின் இருவரும் வழக்கப்படி உடம்பு ஆற்றிக்கொள்ளப் பின்வாசலில் வந்து நின்றார்கள். உடுப்பு ஏதும் இல்லை. கதவு திறந்தே கிடந்தது. கேமரா தன் கடமையைச் செய்தது.

4. அந்தப் படங்களைத் தங்கள் அலுவலகக் கணினி படித்து எழுதிய அறிக்கை, எங்கள் வீட்டுக்குக் கடைசித் தரமான ‘ஜி’யை வழங்கியது. காரணம்: “பின்வாசலை ஒட்டி, ஆள் உயரத்தில், செங்குத்தாக இரண்டு கடுமையான வெப்பக் கசிவுகள். இடப்பக்கக் கசிவு நடுப்பகுதியில் அகலமானது.” இரண்டையும் கனிமப் பஞ்சு கொண்டு முப்பது சென்டிமீட்டர் கனத்துக்கு மூட வேண்டும் என்பது பரிந்துரை. இடப்பக்கம் நின்றவர் திரு. லும்மெ.

5. தொலைபேசியில் அவரிடம் முறையிட்டேன். “அது நான்தான்னு எனக்குத் தெரியாதாம்மா? ஆனா அரசாங்கத் தாள்ல, வேலை நேரத்துல துணியில்லாம நின்னேன்னு எப்படிங்க எழுதறது?” என்றார். அவருக்கு இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வு. அவரைத் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை.

6. விதிப்படி நாங்களே ஒரே ஒருமுறை புதிய படம் அனுப்பலாம் என்று அறிந்து, நகர நூலகத்தில் அதே வகைக் கேமராவை இரவல் பெற்றேன். அது என் முறைக்குக் கிடைத்ததும் ஒரு சனிக்கிழமை மாலைக்கு மட்டும்தான். அன்று ஒருநாள் மட்டும் அடுப்பை மூட்டாதிருக்கும்படி தெய்யோவைக் கேட்டுக்கொண்டேன். “சனிக்கிழமை சவுனாவை விடறதுக்கு விவாகரத்து எல்லாம் பத்தாது மிர்வா. நான் செத்திருக்கணும்” என்றார். ஆகவே படத்தில் அவரும் விழுந்தார். அவரை வெட்டி எடுத்துவிட்டு அனுப்பலாமா என்று யோசித்தேன். திருத்திய படம் செல்லாது என்று விதி இருப்பதால் அப்படியே அனுப்பினேன். இவர் என் முன்னாள் கணவர் என்று தனித்தாளில் விளக்கமும் இணைத்தேன்.

7. அதற்கு வந்த பதில் எங்களைப் பாராட்டியது. இரண்டு கசிவுகளில் ஒன்று வெற்றிகரமாகச் சரிசெய்யப்பட்டிருப்பதாகவும், அதனால் தரம் ‘எஃப்’ ஆக உயர்த்தப்படுவதாகவும், எஞ்சியதையும் அகற்றினால் ‘சி’ உறுதி என்றும் அதில் கண்டிருந்தது.

8. ஐயா, எஞ்சியது தெய்யோ. அவர் அகன்றால்தான் வீட்டுக்குத் தரம் கிடைக்கும். தரம் கிடைத்தால்தான் வீடு விற்கும். வீடு விற்றால்தான் அவர் அகல முடியும். வேறு வீடு பிடிக்க இருவரிடமும் பணம் இல்லை. வாங்க வந்தவர்கள் மே மாத இறுதிவரை பொறுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

9. இந்தப் பதிலை அவரிடம் படித்துக் காட்டியபோது அவர் கோபப்படவில்லை. “பதினேழு வருஷமா நீ சொல்லாததை ஒரு கணினி சொல்லியிருக்கு பார், நான் சூடான ஆளுன்னு” என்றார். நான் சிரித்துவிட்டேன். இந்த வீட்டில் நான் கடைசியாக எப்போது சிரித்தேன் என்று மாடிக்குப் போன பிறகு யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. அந்தப் படத்தை இப்போதும் சில சமயம் எடுத்துப் பார்க்கிறேன். சுற்றிலும் நீலமாக உறைந்து கிடக்க, அதில் ஒருவர் மட்டும் மஞ்சளாக நிற்கிறார். இது இம்மனுவுக்குத் தொடர்பில்லாதது எனில் தள்ளிவிடவும்.

10. ஆகவே, அறிக்கையில் கண்ட கசிவுகள் இரண்டும் மனிதர்களே எனப் பதிவு செய்தும், சனிக்கிழமை அல்லாத ஒரு நாளில் மறு ஆய்வு நடத்தியும், மே மாதத்துக்குள் உரிய தரம் வழங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாமதம் ஏன் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் அவர், கேட்காமலேயே, என் சன்னல் இடுக்கில் குளிர் புகாதபடி புது ரப்பர் ஒட்டிக் கொடுத்தார். நான் இரண்டு பேருக்குக் காப்பி போடத் தொடங்கியிருக்கிறேன். இந்த நிலைமை நீடித்தால் விற்பனை என்னவாகும் என்று என்னால் உறுதி கூற இயலாது.

11. கடைசியாக ஒரு வேண்டுகோள். ‘சி’ தரம் வழங்கத் தாங்கள் முடிவு செய்தால், அந்தக் கடிதத்தை எங்கள் இருவர் பெயருக்கும் அல்லாமல் என் பெயருக்கு மட்டும் அனுப்பக் கோருகிறேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க எனக்குச் சில நாள் வேண்டியிருக்கும்.

தங்கள் முடிவை எதிர்நோக்கி,
(ஒப்பம்) மிர்வா கோர்ப்பேலா

இடம்: ஈசல்மி
நாள்: ஏப்ரல் 14

இணைப்பு: வெப்பப் படம் ஒன்று. (பார்த்தபின் திருப்பி அனுப்பவும்.)